எல்லோரும் தூக்கிய கை

செவ்வாய்க் கிரகத்தில் அந்த ஊரை மூடியிருந்த கண்ணாடிக் கூண்டில் விரிசல் விழுந்தபோது, வெளியே போய் அதை அடைத்தவன் இன்பவல்லியின் கணவன் தேவநேசன். அவன் வேலையை முடிப்பதற்குள் ஊரில் காற்று மிகவும் குறைந்துவிட்டது. அவனுக்குக் கதவைத் திறந்தால் இன்னும் குறையும். ஊர்த்தலைவர் பரஞ்சோதி எல்லோரையும் கூட்டிக் கேட்டார். திறக்க வேண்டாம் என்று இன்பவல்லியைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள்.

“நீயும் தூக்கிரும்மா. நாளைக்கு யாரும் ஒண்ணும் பேச இடம் இருக்கக் கூடாது,” என்றார் அவர்.

மூன்று வயது மகள் பூவிழியை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்பவல்லியும் கையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு அப்பால் நின்று தேவநேசன் அதைப் பார்த்தான்.

பதினான்கு ஆண்டுகள் அவள் யாரையும் குறை சொல்லவில்லை. ஊரின் காற்று இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் யாரோ மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பூவிழி அம்மா பரிமாறியதைத் தொடவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் இன்பவல்லி இயந்திர அறைக்குள் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் காற்றை நிறுத்தினாள். பரஞ்சோதி மூச்சு வாங்க ஓடி வந்து கதவைத் தட்டினார்.

“பாவி, உன் மகளும் சாகப்போறாளே!”

“அவ சாக மாட்டாங்கய்யா. அவ அப்பா பேசின பதிவு இங்க இருக்குன்னு சொன்னேன், ஓடி வந்துட்டா. ரெண்டு பேருக்கு முப்பது வருஷத்துக்குக் காத்தும் சாப்பாடும் இருக்கு. இனிமே பேசறதுக்கு என்னை விட்டா அவளுக்கு ஆளே கிடையாது.”

பூவிழி உள்ளேயிருந்து கதவை அறைந்துகொண்டே இருந்தாள். வெளியே தட்டும் சத்தம் நின்றுவிட்டது.