இருக்கையின் அகலம்

தச்சு வகுப்பில் செண்பகா செய்த நாற்காலியை, தமிழ் தெரியாத ஆசிரியர் டேப் வைத்து அளந்தார். இருக்கை, பாடத்திட்டத்தில் இருந்த அளவைவிட ரொம்ப அகலம். ஒருவர் உட்கார இவ்வளவு எதற்கு, குறைத்தால்தான் தேர்ச்சி என்று சொல்லி, ரம்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். சம்மணம் போட்டு உட்காரத்தான் அவள் அந்த அகலம் வைத்திருந்தாள். இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்ததிலிருந்து நாளெல்லாம் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, சாயங்காலம் பாதம் வீங்கிப்போய்த்தான் அறைக்குத் திரும்புகிறாள்.

“வெட்டிவிடுமப்பா. பாஸ் பண்ணின பிறகு உமக்கு விருப்பமான மாதிரிச் செய்யலாம்தானே,” என்றாள் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துத் துவாரகா.

“வெட்டத்தான் போறேன்.”

செண்பகா நாற்காலியைக் கவிழ்த்து நான்கு கால்களையும் அடியோடு அறுத்தாள்.

“உமக்கென்ன விசரே?”

ஆசிரியர் திரும்பி வந்தபோது அவள் ஷூவைக் கழற்றிவிட்டு, தரையோடு கிடந்த இருக்கையில் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஏதோ கேட்டார். எழுந்திருக்காமலே பதில் சொன்னாள். அவளுடைய மெல்லிய குரல் அவருக்கு எட்டவில்லை. குனிந்தார். அப்போதும் கேட்கவில்லை. மதிப்பெண் தாளைப் பிடித்தபடி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார்.

“இன்னும் கொஞ்சம் கீழ வாங்க சார்,” என்றாள், தமிழிலேயே.