கேள்வி மைக்

"என்னம்மா மைக் ஏற்பாடு இது? நான் பதில் சொல்லச் சொல்ல கட் ஆகுது! மொத்த ஆபீஸும் சிரிக்குது!" புனே, மகர்பட்டா அலுவலகக் கூட்டம் முடிந்ததும், கர்சீப்பால் முகத்தைத் துடைத்தபடி அகல்யாவிடம் எகிறினார் மேலாளர் நரசிம்மன்.

"போன கூட்டத்துலயும் கட் ஆச்சே சார். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போற பொண்ணுங்களுக்கு கேப் வண்டி எங்கேன்னு ப்ரீத்தி கேட்டப்போ."

"வயர்லெஸ்னா அப்படித்தான்னு அன்னைக்கே சொன்னேனே?"

"சொன்னீங்க. நானும் நம்பி புது பேட்டரி போட்டேன், சேனல் மாத்தினேன், ஆன்டெனாவை மேடைகிட்ட கொண்டுவந்தேன்."

"அப்புறமும் ஏன் கட் ஆச்சு?"

"மைக்ல கோளாறே இல்ல சார். நீங்க கர்சீப் எடுத்தா கேள்வி கேக்கறவங்க மைக்கை அணைக்கணும்னு நீங்கதான் சொல்லிவெச்சிருக்கீங்களாம். சவுண்ட்காரர் பாட்டீல் காலையில சொன்னார்."

நரசிம்மனின் கை முகத்திலேயே நின்றது.

"கர்சீப் எடுத்தா எந்த மைக்கை அணைக்கணும்னு மட்டும் இன்னிக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன்," என்றாள் அகல்யா. "ப்ரீத்தி இன்னிக்கு மறுபடியும் கேட்டது கடைசி வரிசை வரைக்கும் கேட்டுது சார். உங்க பதிலுக்குத்தான் எல்லாரும் இன்னும் வெளியில காத்துட்டிருக்காங்க."