வாத்து மிரளும்

வாத்து வேட்டைத் தோணியில் உட்காரக் கூடாது, படுத்துக்கொள்ள வேண்டும். விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண்தான். அதன் மீதும் கோரைப்புல் போர்த்தியிருக்கும். முன்னால் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருந்தவன் என் தங்கை அஞ்சலாட்சியின் கணவன் வைரக்கண்ணு. பின்னால் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். என் முகத்துக்கு நேரே அவனுடைய இரண்டு உள்ளங்கால்கள். வீட்டில் ஒத்திகை பார்த்து வந்த வீரவசனங்களையெல்லாம் அவற்றிடம்தான் பேச வேண்டியிருந்தது.

“மாப்ள, அவளுக்குப் பல்லு ஒடஞ்சிருக்கு. கஞ்சியக்கூட ஒரு பக்கமா வச்சுத்தான் குடிக்கிறா.”

“வாய் நீளம் மச்சான் அவளுக்கு. சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடறேன்.”

“அனுப்ப மாட்டேன்.”

“ஸ்ஸ்... மெதுவா பேசு. வாத்து மிரளும்.”

எங்களைப் புல்திட்டு என்று நம்பி வாத்துகள் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. அவனுக்கு இருமல் வந்தது. அவை பயந்துவிடுமே என்று சட்டைக் கையைக் கடித்து அடக்கிக்கொண்டான். இவ்வளவு பதவிசான ஆளா இவன்!

நான் எழுந்து நின்றேன். “என் தங்கச்சி மிரளலயாடா?” என்று கத்தினேன்.

ஆறு முழுக்கச் சிறகடித்தது. தோணி ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் துப்பாக்கியை விட்டுவிட்டு இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டான்.

“உக்காரு மச்சான், கவுந்துடும்! எனக்கு நீச்சல் தெரியாது!”

“அவ வர வேண்டாம்னு சொல்லு.”

ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கும் தெரியாதுதான். ஆனாலும் உட்காரவில்லை.