ஒன்பதாம் நம்பர் கடை

"பொணம் வைக்கிற ரூம் இதுல எங்கங்க இருந்துச்சு?" என்று ராசாத்தி கேட்டதும், தூரத்தில் இருந்த பதினாறாம் நம்பர் கடையைக் காட்டினேன்.

பொய். நாங்கள் நின்றுகொண்டிருந்த ஒன்பதாம் நம்பர்தான் அது.

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பாலக்கரையில் அந்த ஆஸ்பத்திரி இருந்தவரைக்கும் பதினெட்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் நான். அதை இடித்துவிட்டுக் கீழே பதினாறு கடை, மாடியில் லாட்ஜ், பின்னால் கல்யாண மண்டபம் என்று கட்டின முதலாளி, கடைகளை வாடகைக்கு விடும் வேலையை எனக்குக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் கொடுப்பார்கள்?

இரண்டு கடைகள்தான் பாக்கி. பதினாறு ரோட்டு முனை, எப்போது வேண்டுமானாலும் போகும். இந்த ஒன்பதுதான் சனியன். அட்வான்ஸோடு வந்த பாத்திரக்காரர் ஒருவர், பக்கத்துக் கடைக்காரன் காதில் ஏதோ சொன்னதும் செருப்பைச் சரியாக மாட்டாமலே ஓடிவிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள ஒம்பது போகலைன்னா, திங்கக்கிழமை நீங்க வர வேணாம் சவரிநாதன்," என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை.

ராசாத்தி தொட்டியத்துக்காரி. புருஷன் இல்லை. ஐந்தாறு வருஷமாகக் கூடையில் வாழைப்பழம் விற்றவள், சொந்தமாக ஒரு பழக்கடை வைக்க வந்திருந்தாள். வெளியூர்க்காரிக்கு எதுவும் தெரியாது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"நிச்சயமா அந்தக் கடைதானுங்களா?"

"வேளாங்கண்ணி மாதா சத்தியமாம்மா. இங்க மருந்துதான் வச்சிருந்தோம். சுத்தமான எடம்."

மாதாவை வேறு இழுத்தேன் பாருங்கள், பாவி.

அவள் தலையாட்டினாள். பிறகு விறுவிறுவென்று பதினாறாம் நம்பரை நோக்கி நடந்தாள். என்ன இது என்று பின்னாலேயே போனேன். உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து, புது சிமெண்டுத் தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதையே குடுத்துருங்கய்யா."

"ஏம்மா, இப்பத்தானே சொன்னேன், இது..."

"அதுக்குத்தாங்க."

அவள் புருஷன் மூட்டை தூக்குகிறவன். கூட்ஸ் ஷெட்டில் மயங்கி விழுந்தவனை யாரோ இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஆற்றில் வெள்ளம், பஸ் இல்லை. அவள் வந்து சேர நாலு நாள் ஆகிவிட்டது. கேட்க ஆளில்லாத பிணம் என்று அதற்குள் எடுத்துப்போய்விட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை அவளுக்குச் சொன்னவர் இல்லை.

"அவரு கடைசியா கெடந்த எடமாச்சும் என் கையில இருக்கட்டும்யா. ஒரு வெளக்கு வைப்பேன்."

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்பது அந்த நிமிஷமே போயிருக்கும். அவளும் கும்பிட்டு வாங்கியிருப்பாள், என் வேலையும் தப்பியிருக்கும். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "நான் சொன்னது பொய்யம்மா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

வாயைத் திறந்தேன். மாதா மேல் சத்தியம் பண்ணி முழுசாக ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கம்பவுண்டர் ஐயா என்று கைகட்டி நிற்கிறவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

பத்திரத்தில் பதினாறு என்று எழுதினேன். அவள் கைநாட்டு வைத்தாள்.

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. முனைக்கடை நல்ல வாடகைக்குப் போனதில் மனிதருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒன்பதை யாரும் எடுக்காவிட்டால் போகட்டும், அதையே ஆபீஸாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்.

ஆகவே நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் தினமும் காலையில் கடை திறந்ததும் அங்கே பதினாறில் ஒரு மூலையில் விளக்கேற்றிக் கும்பிடுகிறாள். அந்த மூலையில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். சீழும் ரத்தமுமாகப் பிரித்த கட்டுத்துணிகளைப் போடும் தொட்டி.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன். பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்குவதில்லை. ஏன் என்று வியாகுலம்மாள் கேட்கிறாள். கட்டின பெண்டாட்டியிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று ராசாத்தியின் புருஷனுக்குத் திதி. படையல் போட்டுவிட்டு, தலைவாழை இலையில் சோறும் வடையும் பாயசமுமாக எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"மொதச் சோறு உங்களுக்குத்தாங்க. நீங்க காட்டலேன்னா எனக்கு எடம் தெரிஞ்சிருக்குமா? நல்லா இருக்கணும்யா நீங்க."

மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, இலையை இரண்டு கையாலும் தூக்கி, அந்தக் காலத்தில் பிணங்களைக் கிடத்தும் கல்மேடை இருந்த இடத்தில், தரையில் வைத்தேன்.