கடிக்காத மிளகு

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிப் புளியமரத்தடியில், மலையிலிருந்து தலைச்சுமையாக இறக்கிய மிளகு மூட்டை வாய் திறந்து கிடக்கிறது. மழை விட்ட வெயில் கறுத்த மணிகளின் மேல் மினுங்குகிறது. வியாபாரி சின்னக்கண்ணு தராசைத் தூக்காமலே நிற்கிறார். "எங்கியோ கடல்ல அணுகுண்டு வெடிச்சுப் பாத்தாங்களாம், வெள்ளையா. அந்தத் தூசி மழையோட உங்க மலைமேல எறங்கியிருக்குதுன்னு சேலம் மண்டியில பேச்சு. இனிப் பத்து வருசத்துக்குக் கொல்லிமலை மிளகை எவனும் தொடமாட்டான். கொடியை அறுத்துட்டுக் கிழங்கு நடு."

மூட்டையைச் சுமந்து வந்த வெள்ளையன் சிரிக்கிறார். "பாதி வெலைக்குக் கேக்கறதுக்கு இப்பிடியொரு கதைங்களா?" அவர் மகள் இருசாயிக்கும் அதே சந்தேகம்தான். வீட்டுக்கு ஒரு வருடத்து உப்பும் துணியும் இந்த மூட்டையை விற்றுத்தான் வரவேண்டும். எல்லா வருடமும் சின்னக்கண்ணு இரண்டு மணியைக் கடித்து, காரம் பார்த்து, விழுங்கிவிட்டுத்தான் விலை சொல்வார். "ஏனுங்க, கடிச்சுப் பாருங்க," என்று அவள் ஒரு பிடியை நீட்டுகிறாள். அவர் ஒரு மணியை எடுத்து உதடுவரை கொண்டுபோகிறார். விரல் அங்கேயே நிற்கிறது. பிறகு மணியைக் கீழே போட்டுவிட்டு, விரல்களை வேட்டியில் அழுத்தி அழுத்தித் துடைக்கிறார். "பாதி வெலைக்கும் வேண்டாஞ் சாமி," என்கிறார், அவள் முகத்தைப் பார்க்காமல். வெள்ளையனின் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. இந்த ஆள் ஏமாற்றுக்காரனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருசாயிக்குத் தோன்றுகிறது. இறங்கி வரும்போது குளிருக்கு அவள் மென்ற மிளகின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.