அறுபது கொடுத்த வண்டி

பிரித்துப் போட்ட கார்புரேட்டருக்குள் மெக்கானிக்கை விட அறுபது சார்தான் அதிகமாகத் தேடினார்.

மெக்கானிக் மிதவையையும் ஊசியையும் ஜெட்டையும் பெட்ரோலில் கழுவிப் பழைய துணியில் வரிசையாக வைத்தார். அறுபது சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, பிரேதப் பரிசோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி ஒவ்வொன்றின் மேலும் குனிந்தார்.

பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி. வர மாட்டேன் என்றவளை வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்திருந்தார். அவளுடைய தம்பி வண்டியில் கைவைத்திருக்கிறான் என்பதை மெக்கானிக் வாயாலேயே அவள் கேட்டாக வேண்டும்.

மூன்று வாரமாக அவள் அவரோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு மேசையில் விழும் சத்தம் ஒன்றுதான் வீட்டில் பேச்சுவார்த்தை.

அறுபது என்பது அவர் வயதல்ல. இருபத்திரண்டு வருடத்துப் பழைய வண்டி, லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் வாங்கிய பெயர்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்து கார்புரேட்டரின் காற்றுத் திருகை அவரே அரைச் சுற்று திருப்பினார். முப்பத்தாறாக இருந்தது சில நாளில் அறுபதாகிவிட்டது.

அன்றிலிருந்து புது வண்டி வாங்கிய எவனும் அவர் மேசையைத் தாண்டிப் போக முடிந்ததில்லை. உன்னுது எவ்வளவு கொடுக்குது என்பார். நாற்பத்தைந்து என்பான் அவன். அறுபது சார் பேனா மூடியை அரைச் சுற்று திருகி, "எல்லாம் கையில இருக்குப்பா" என்பார்.

அப்பேர்ப்பட்ட வண்டியின் பக்கத்தில்தான், டேங்க் மூடி திறந்து கிடக்க, கையில் பாட்டிலோடு ஒரு விடியற்காலை நின்றான் மைத்துனன். ஒரு வருடமாக அவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, கடை ஒன்றில் மூட்டை பிரிக்கும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவன்.

பெட்ரோல் திருடன் என்று ஆரம்பித்து மாடி வீடுவரை கேட்கப் பேசினார். இறங்கி வந்தவர்களுக்கு, டியூபை விட்டு வாயால் எப்படி உறிஞ்சியிருப்பான் என்பதைக் கன்னத்தைக் குழித்து நடித்தே காட்டினார். நன்றாகத்தான் நடித்தார். யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

அவன் வாயைத் திறக்கவில்லை. மதியத்துக்குள் பையோடு போய்விட்டான்.

திருடன் போனால் மைலேஜ் ஏற வேண்டும். அது அறுபதிலிருந்து முப்பத்தாறுக்கு வந்து விழுந்தது. வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அறுபது சாருக்கு யோசிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. போகிற போக்கில் பயல் கார்புரேட்டரைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

மெக்கானிக் பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"பாருங்க சார், செங்கல் கலர். வண்டி அதிகமாக் குடிச்சா இது கரி புடிச்சிருக்கும். காலைல ஒரு லிட்டர் பெட்ரோலைப் பாட்டில்ல கட்டித் தொங்கவிட்டு ஓட்டியும் பாத்தாச்சு. முப்பத்தாறு. இந்த வயசுக்கு அதுவே பெரிசு."

"அறுபது குடுத்த வண்டிய்யா இது! நல்லாப் பாரு, எவனோ கைவச்சிருக்கான்."

மெக்கானிக்குக் கழிவுத் துணியில் கையைத் துடைக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் நடந்தது தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

"சார், முப்பத்தாறுதான் வண்டி குடுத்தது. மிச்சம் உங்க மச்சினன் குடுத்தது. வாராவாரம் எதிர் பங்க்குல ரெண்டு லிட்டர் பாட்டில்ல புடிச்சிட்டுப் போவாரு. காசு குடுத்தா அக்கா வாங்க மாட்டேங்குது, சும்மா உக்காந்து திங்க கூச்சமா இருக்குன்னு உங்க டேங்க்ல ஊத்துவாராம். உங்க அத்தான்கிட்டயாவது சொல்லேன்யான்னு கேட்டேன். ஐயோ வேணாம், அறுபதுன்னு சொல்றப்ப அவர் மூஞ்சியப் பாக்கணுமே, பச்சப்புள்ள மாதிரி இருக்கும்னாரு." சிரிப்பு ஓய்ந்து, "ஆமா, ஆளையே காணோமே, ஊருக்குப் போயிட்டாரா?" என்றார்.

பஞ்சர் ஒட்ட வந்து நின்ற ஒருவர் திடீரென்று தன் சக்கரத்தை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அறுபது சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார்புரேட்டரையே பார்த்தார். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். ஒரு மனிதன் ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை.

மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவரிடம் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அன்னிக்கு அவன் ஒரு கையில பாட்டில் இருந்துச்சுன்னு சொன்னீங்க. இன்னொரு கையில என்ன இருந்துச்சு?"

அன்று விடியலில் நல்ல வெளிச்சம். எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. மாடி வீட்டாரிடம் சொன்னபோதும், அலுவலகத்தில் மேசை மேசையாகப் போய்ச் சொன்னபோதும், அந்த இன்னொரு கை மட்டும் கதையில் ஒருமுறைகூட வந்ததில்லை.

மெக்கானிக் காற்றுத் திருகைத் துடைத்து அதன் இடத்தில் பொருத்திக்கொண்டிருந்தார்.

"டேங்க் வாயில வச்சுப் புடிச்சிருந்தான்" என்றார் அறுபது சார். "உன்னோட எண்ணெய்ப் புனல்."