நாயிடம் சொன்னது

காற்று அடங்குவதாயில்லை. கப்பல் வருமா, வராதா என்று படகுத்துறைக் காத்திருப்பு அறையில் எல்லோரும் தீவுப் பாஷையான கேலிக்கில் சளசளத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூடித் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். வழக்கம்போலப் பேச்சு அந்த நொடியே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. வெளியூர்க்காரி முன்னால் சொந்தப் பாஷையில் பேசுவது மரியாதை இல்லையாம். அவள் கேலிக் கற்றுக்கொண்டது அத்தனை பேருக்கும் தெரியும்; ஏழு வருஷமாக இங்கேதான் ஆடு வளர்த்தாள். என்ன செய்தும் வெளியூர்க்காரிதான். இன்று தீவை விட்டே போகிறாள்; சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. சாவிக்கொத்து அவள் விரலில் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது.

"நல்லபடியா போயிட்டு வாங்க," என்கிறாள் பக்கத்து வீட்டு ஷோனாக், ஆங்கிலத்தில். "லீட்ஸ்ல மழை கம்மியாமே?"

"இங்கயும் கம்மிதாங்க. காத்து அதைக் கீழ விழ விட்டாத்தானே!"

யாரோ சிரிக்கிறார்கள். உப்பு படிந்த சன்னல் கண்ணாடியில் கப்பலின் வெள்ளை மூக்கு தெரிகிறது, அலையில் மறைகிறது, தெரிகிறது. வெளியே வண்டிகள் உறுமத் தொடங்குகின்றன. ஷோனாக் சட்டென்று குனிந்து ஜூடித்தின் நாயின் காதைப் பிடிக்கிறாள். தீவில் பிறந்த நாய். அதனிடம் யாரும் ஆங்கிலம் பேசியதில்லை.

"ஏய் கழுதை, சும்மா வேடிக்கை பாக்கறியே! போகாதடின்னு அவகிட்ட சொல்லேன். இந்தக் குளிர்காலம் பூரா நான் யாரோட சண்டை போடுறது?"

சாவி நிற்கிறது. ஷோனாக் நிமிரவில்லை. வெளியே ஹாரன் அலறுகிறது. ஜூடித்தும் குனிந்து நாயின் இன்னொரு காதைப் பிடிக்கிறாள். கேலிக்கில் சொல்கிறாள்:

"அதை என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லச் சொல்லு அவளை."